கடலில் மறைந்தவர், கரை சேர்ந்த ஏடு

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், 1745ஆம் ஆண்டளவில், குவேக்கர் சமயநெறி பேணிய குடும்பத்தில் பிறந்தவர் சிட்னி பார்க்கின்சன். கம்பளித் துணி வணிகரிடம் தொழில் பயில விடப்பட்டார். அவர் உள்ளமோ மலரையும் கனியையும் வரைவதிலேயே தோய்ந்தது. இலண்டன் சென்ற அவரது திறத்தைக் கண்ட இயற்கையியலறிஞர் ஜோசப் பேங்க்ஸ், கேப்டன் குக்கின் எண்டவர் கப்பலில் ஓவியராக உடனழைத்துச் சென்றார்.

1768 ஆகஸ்டில் கப்பல் புறப்பட்டது. மறு ஆண்டு தாகித்தித் தீவில் உடன்வந்த ஓவியர் அலெக்சாண்டர் புக்கன் மறைந்தார். இருவர் பணியும் ஒருவர் தோளில் விழுந்தது. வண்ணத்தைத் தாளிலிருந்தே ஈக்கள் தின்ற சூழலிலும் பார்க்கின்சனின் தூரிகை ஓயவில்லை. ஆஸ்திரேலியக் கரையில் 1770இல் பதினான்கே நாட்களில் 94 செடிகளை வரைந்தார். முடிக்க நேரமில்லாதவற்றுக்கு வண்ணக் குறிப்பெழுதி வைத்தார். தீவு மக்களின் சொற்களையும் தொகுத்தார். பட்டேவியாவில் பரவிய நோய் அவரையும் பற்றியது. 1771 ஜனவரி 26இல் நடுக்கடலில் உயிர் பிரிந்தது. அகவை ஏறத்தாழ இருபத்தைந்து. உடலைக் கடல் ஏற்றது.

எஞ்சிய தாள்கள் எவருக்குரியவை? செம்மையாக எழுதிய நாட்குறிப்பு கிடைக்கவில்லை. பேங்க்ஸ் 500 பவுண்டு வழங்கித் தாள்களைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். மருத்துவர் ஃபாதர்கில் வாயிலாக அவற்றை இரவல் பெற்ற தமையன் ஸ்டான்ஃபீல்டு, படியெடுத்து அச்சேற்ற முற்பட்டார். அரசுசார் பயண நூலை 6000 பவுண்டு பெற்று எழுதிவந்த ஹாக்ஸ்வொர்த், நீதிமன்றத் தடை வாங்கினார். அந்நூல் 1773இல் வெளிவந்த பின்னரே பார்க்கின்சனின் ஏடு உலகைக் கண்டது. முன்னுரையில் தமையனின் துயரமும் குற்றச்சாட்டும் கலந்திருந்தன. வைகாமல் அவர் மனநிலை குலைந்து மறைந்தார். விற்காத படிகளை ஃபாதர்கில் விலைக்கு வாங்கினார். அவை பேங்க்ஸுக்கு ஆதரவான விளக்கங்களுடன் 1784இல் மீண்டும் வெளியாயின. ஆதலின், 1773ஆம் ஆண்டுக் கோலத்திலேயே எஞ்சிய முதற்பதிப்புப் படிகள் அரியவை. தமையனின் வழக்கை மட்டும் தாங்கிய சான்றுகள் அவை.

அவர் வரைந்த செடிகளுக்கென வெட்டப்பட்ட எழுநூற்றுக்கும் மேற்பட்ட செப்புத் தகடுகள், முழுத் தொகுதியாக வண்ணத்தில் அச்சாவதற்கு 1980கள் வரை காத்திருந்தன. மூல ஓவியங்கள் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன.

தமையனின் முறையீடு முழுதும் நேரியதன்று. பேங்க்ஸின் உரிமையும் முழுதும் பழுதன்று. ஆயினும் அந்தப் பிடிவாதமான தமையன் இல்லையெனில், பார்க்கின்சன் பிறர் நூலில் ஒரு பெயராகவே நின்றிருப்பார். ஏடெழுதும் நாமனைவரும் எண்ணத் தக்கது இது.