தானாகவே முதல்வர் பதவியை விட்ட காமராஜர்... மூன்றரை ஆண்டில் சொந்த ஊரே தோற்கடித்தது ஏன்?

2022 அக்டோபர் 24. சிவகாசிப் பட்டாசுகள் நாடு முழுக்க வெடித்துக்கொண்டிருந்த தீபாவளி நாள். அன்றைக்குத்தான் பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு ரிஷி சுனக் தலைவரானார். போரிஸ் ஜான்சன், லிஸ் டிரஸ், சுனக் என ஒரே வருஷத்தில் மூன்று பிரதமர்கள். இதில் டிரஸ் நாற்காலியில் இருந்தது வெறும் 49 நாள்.

ஆளும் கட்சி தன் தலைவரைத் திடீரென்று மாற்றினால் மக்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்? லண்டன் வரை போக வேண்டாம். பட்டாசு தயாரான அதே மாவட்டத்தின் தலைநகரான விருதுநகரிலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கு. 1963-இல் யாரும் கேட்காமலே முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கினார் காமராஜர். அதற்கு மக்கள் சொன்ன பதில் 1967-இல் வந்தது.

விருதுப்பட்டி பையன்

1903 ஜூலை 15, விருதுப்பட்டி. குமாரசாமி நாடார், சிவகாமி அம்மாள் தம்பதிக்குப் பிறந்தவர். குலதெய்வம் காமாட்சியின் பெயரை வைத்தார்கள். அம்மா செல்லமாக ராஜா என்று கூப்பிட, இரண்டும் சேர்ந்து காமராஜா ஆனது. ஆறு வயதில் அப்பா போய்விட்டார். படிப்பு க்ஷத்திரிய வித்யாசாலையில். ஊர் வியாபாரிகளின் மகமையும், வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியும் நடத்திய பள்ளிக்கூடம் அது. பின்னாளில் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தவர், ஆறாம் வகுப்போடு நிறுத்திவிட்டு மாமாவின் துணிக்கடையில் நின்றார்.

அப்புறம் காங்கிரஸ். 1930-இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்துக்காக கல்கத்தா அலிப்பூர் சிறை. 1933-இல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கிலும் அவர் பெயரைச் சேர்த்தார்கள். நிரூபிக்க முடியாமல் விடுதலை. மொத்தமாகக் கணக்குப் பார்த்தால் சுமார் ஒன்பது வருஷம் சிறையிலேயே போனது.

பதவியை விடுவது அவருக்கு 1963-இல் புதிதாக வந்த பழக்கம் இல்லை. 1940-களின் தொடக்கத்தில் வேலூர் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். விடுதலையாகி ஊருக்கு வந்தவர், முழுசாக வேலை பார்க்க முடியாத பதவி தனக்கு வேண்டாம் என்று ராஜினாமா செய்துவிட்டார்.

1954: முதல் திடீர் மாற்றம்

காமராஜர் முதலமைச்சராக வந்ததே ஒரு திடீர்த் தலைமை மாற்றத்தில்தான். ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை, குலக்கல்வி என்று சொல்லி பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயும் புகைச்சல். ராஜாஜி விலகினார். அவர் முன்னிறுத்திய சி.சுப்பிரமணியத்தைக் கட்சித் தேர்தலில் வென்று, 1954 ஏப்ரல் 13 அன்று காமராஜர் பதவியேற்றார். தோற்ற சுப்பிரமணியத்தையே கூப்பிட்டு அமைச்சராக்கினார். மொத்தமே எட்டுப் பேர் கொண்ட அமைச்சரவை.

காங்கிரசின் பரம எதிரிகளான பெரியாரும் அண்ணாவும் இந்த மாற்றத்தை வரவேற்றார்கள். குடியாத்தம் இடைத்தேர்தலில் காமராஜருக்கு தி.மு.க. ஆதரவே கொடுத்தது. அடுத்த ஒன்பதரை ஆண்டுகள் தமிழ்நாட்டுக்குத் தெரிந்த கதை: பள்ளிகள், மதிய உணவு, அணைகள், தொழிற்பேட்டைகள். 1957, 1962 இரண்டு தேர்தலிலும் தீப்பெட்டியும் சேவும் பேர்போன சாத்தூரில் நின்று ஜெயித்தார்.

கே-பிளான் என்பது என்ன?

1962 சீனப் போர் காங்கிரசை உலுக்கியது. அடுத்த வருஷம் அம்ரோகா, பரூக்காபாத், ராஜ்கோட் என மூன்று நாடாளுமன்ற இடைத்தேர்தல்களில் வரிசையாகத் தோல்வி. கிருபளானி, லோகியா, மசானி மூவரும் எதிர்க்கட்சி வரிசையில் போய் உட்கார்ந்தார்கள்.

காமராஜரின் யோசனை சிம்பிள். மூத்த தலைவர்கள் பதவியை விட்டுவிட்டுக் கட்சி வேலைக்குப் போகட்டும், முதல் ஆளாக நானே போகிறேன் என்றார். 1963 ஆகஸ்டில் கட்சி இதை ஏற்றுக்கொண்டது. ஆறு மத்திய அமைச்சர்கள், ஆறு முதலமைச்சர்கள் வீட்டுக்குப் போனார்கள். மொரார்ஜி தேசாய், லால் பகதூர் சாஸ்திரி, ஜகஜீவன் ராம் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தவர்கள். மொரார்ஜியை ஓரங்கட்ட நேரு போட்ட திட்டம்தான் இது என்ற பேச்சு அப்போதே கிளம்பியது, இன்றுவரை ஓயவில்லை.

தமிழ்நாட்டில் பெரியார் கொதித்துப்போனார். இந்த ராஜினாமா காமராஜருக்கும் தமிழர்களுக்கும் தற்கொலைக்குச் சமம் என்று தந்தியே அடித்தார். காமராஜர் கேட்கவில்லை. 1963 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று கோட்டையை விட்டு வெளியே வந்தார். பக்தவத்சலம் முதலமைச்சரானார்.

லண்டனிலும் அதே வாரம்

இங்கேதான் ஒரு ஆச்சரியமான ஒற்றுமை. 1963 அக்டோபர் 9-இல் காமராஜர் அகில இந்திய காங்கிரஸ் தலைவராகிறார். மறுநாளே, பிரிட்டிஷ் பிரதமர் மேக்மில்லன் விலகப்போவதாக அறிவிப்பு வருகிறது. அவர் இருந்தது மருத்துவமனையில். கன்சர்வேட்டிவ் கட்சி மாநாடு நடந்துகொண்டிருந்தது பிளாக்பூலில். அடுத்தது யார் என்பதற்கு வாக்கெடுப்பு எதுவும் கிடையாது. எம்.பி.க்களிடமும் பிரபுக்களிடமும் அபிப்பிராயம் கேட்டு, கடைசியில் ஹியூம் பிரபு என்று முடிவு சொன்னார்கள். அவர் பிரபு பட்டத்தைத் துறந்து, இடைத்தேர்தலில் நின்று மக்களவைக்கு வர வேண்டியிருந்தது. நடுவில் சில நாள்கள் அந்த நாட்டுப் பிரதமர் எந்த அவையிலும் உறுப்பினராக இல்லை. மூடிய அறைக்குள் நடந்த தேர்வு என்று சொந்தக் கட்சியிலேயே கசப்பு வந்தது. 1964 தேர்தலில் தோற்றார்கள். அதற்குப் பிறகுதான் எம்.பி.க்கள் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. 1965-இல் அப்படித் தேர்வான முதல் ஆள் எட்வர்ட் ஹீத்.

டெல்லியிலும் கிட்டத்தட்ட இதேதான். 1964 மே 27-இல் நேரு மறைந்தபோது காமராஜர் ஒவ்வொரு எம்.பி.யாக, முதலமைச்சராகக் கூப்பிட்டுக் கேட்டார். வாக்கெடுப்பு வைக்கவில்லை. ஒருமித்த கருத்து சாஸ்திரிக்கு என்றார், மொரார்ஜி ஒதுங்கிக்கொண்டார். ஆனா 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் சாஸ்திரி இறந்தபோது மொரார்ஜி விடவில்லை, வாக்கெடுப்பு கேட்டார். காமராஜர் ஆதரித்த இந்திரா காந்திக்கு 355, மொரார்ஜிக்கு 169. ஹிந்தியும் சரளமாகப் பேசாத, ஆங்கிலமும் அளவாகவே பேசிய விருதுநகர்க்காரர் இரண்டு பிரதமர்களை உட்கார வைத்துவிட்டார். கிங்மேக்கர் என்ற பட்டம் சும்மா வரவில்லை.

ஊரில் என்ன நடந்தது?

டெல்லியில் செல்வாக்கு ஏற ஏற, இங்கே தரை நழுவிக்கொண்டிருந்தது. 1965 ஜனவரியில் இந்தித் திணிப்புக்கு எதிராக மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பக்தவத்சலம் அரசு கடுமையாக நடந்துகொண்டது. துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. இந்தியை அவசரப்பட்டுக் கொண்டுவரக் கூடாது என்பதுதான் காமராஜரின் நிலைப்பாடும். ஆனா முதல்வர் நாற்காலியில் அவர் இல்லையே. கோபம் காங்கிரஸ் என்ற பெயர் மேலேயே விழுந்தது. கூடவே அரிசித் தட்டுப்பாடு, விலைவாசி. தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று வாக்குக் கொடுத்தது. 1966 ஜூனில் ரூபாய் மதிப்பைக் குறைத்த முடிவில் இந்திரா தன்னைக் கலந்துகொள்ளவே இல்லை என்ற வருத்தம் வேறு காமராஜருக்கு. தான் உட்கார வைத்தவரே தன்னைக் கேட்கவில்லை.

1967 பொதுத்தேர்தலில் அவர் சாத்தூரை விட்டு, பிறந்த ஊரான விருதுநகரில் நின்றார். எதிரில் தி.மு.க.வின் பெ.சீனிவாசன், மொழிப் போராட்டத்தில் இருந்து வந்த மாணவர் தலைவர். நாட்டின் ஆளும் கட்சித் தலைவரை எதிர்த்து ஒரு இளைஞர். ஜெயிப்பார் என்று பந்தயம் கட்ட ஆள் கிடைத்திருக்காது.

சீனிவாசன் 33,421. காமராஜர் 32,136. வித்தியாசம் 1,285 ஓட்டு.

இதை நன்றி கெட்ட ஊர் என்று எழுதியவர்கள் அப்போதிலிருந்தே உண்டு. அது அவ்வளவு நியாயமான தீர்ப்பாகத் தெரியவில்லை. அந்தத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்கவே காங்கிரஸ் சாய்ந்தது. மற்ற பல இடங்களை ஒப்பிட்டால் விருதுநகர் குறைந்த வித்தியாசத்தில்தான் கைவிட்டது. 32,136 பேர் அவருக்குப் போட்டவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான். ரேஷன் வரிசையில் நின்றவர்களுக்கு, முதல்வர் பதவியைத் தியாகம் செய்தவர் என்ற பெருமை ஒரு பக்கம், அவர் விட்டுப்போன ஆட்சி மேல் எரிச்சல் இன்னொரு பக்கம். ஓட்டுச் சீட்டில் இரண்டுக்கும் தனித்தனியாக முத்திரை குத்த இடம் கிடையாது.

கொண்டாட வேண்டிய அண்ணாவே காமராஜரின் தோல்விக்கு வருந்தினார் என்பது அவர் கட்சிக்காரர்களே பல முறை சொன்ன விஷயம்.

அதற்குப் பின்

1969 ஜனவரியில் நாகர்கோவில் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் ஜெயித்தார். அதே வருஷம் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. ஒரு பக்கம் இந்திரா, மறு பக்கம் அவரைப் பிரதமராக்கிய காமராஜரும் மற்ற மூத்தவர்களும். 1971 தேர்தலில் இந்திரா அலை அடித்தும் நாகர்கோவில் காமராஜரைக் கைவிடவில்லை.

1975 அக்டோபர் 2 அன்று, சென்னை தியாகராய நகர் திருமலைப்பிள்ளை சாலையில் இருந்த வாடகை வீட்டில் உயிர் பிரிந்தது. முதல்வர் பதவியை விட்டு வெளியே வந்து சரியாக 12 வருஷம், அதே தேதி. அப்போது நாட்டில் இந்திரா கொண்டுவந்த நெருக்கடி நிலை. மறு வருஷம் பாரத ரத்னா கொடுத்தார்கள்.

ராமநாதபுரத்தில் இருந்து 1985-இல் பிரிந்த புது மாவட்டத்துக்கு முதலில் வைத்த பெயர் காமராஜர் மாவட்டம். சிவகாசி, சாத்தூர், விருதுநகர் மூன்றுமே அதற்குள் வந்தன. மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பெயர் வேண்டாம் என்று 1997-இல் அரசு முடிவெடுத்தபோது, அதுவும் விருதுநகர் மாவட்டம் ஆனது. அவர் பிறந்து வளர்ந்த வீடு இன்றைக்கு நினைவு இல்லமாக இருக்கிறது.