கிங்காங்கை நடக்க வைத்தவர்

குட்டீஸ், வீட்டில் களிமண் இருக்கிறதா? கடையில் விற்கும் கலர் களிமண் என்றாலும் சரிதான். அதில் ஒரு யானை செய்து மேஜை மேல் நிறுத்துங்கள். ஒரு போட்டோ எடுங்கள். யானையின் காலை ஒரு நெல்மணி அளவு நகர்த்தி, இன்னொரு போட்டோ எடுங்கள். இப்படியே 24 போட்டோ எடுத்து வேகமாக ஓட்டினால், யானை ஒரே ஒரு விநாடி நடக்கும். ஒரு நிமிடம் நடக்க 1,440 போட்டோ வேண்டும்!

இந்த வேலையையே வாழ்நாள் முழுக்கச் செய்தவர் வில்லிஸ் ஓ'பிரையன். கிங்காங் கொரில்லாவுக்கு உயிர் கொடுத்தவர் இவர்தான்.

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் ஓக்லண்ட் நகரில், 1886ம் ஆண்டு பிறந்தார். 11 வயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி, மாட்டுப் பண்ணைகளில் வேலை பார்த்தார். (நீங்கள் யாரும் இப்படிக் கிளம்பிவிடாதீர்கள்!) பிறகு, மண்ணில் புதைந்த பழங்கால விலங்குகளின் எலும்புகளைத் தேடி வந்த விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டியாகப் போனார். டைனோசர் மேல் ஆசை வந்தது அப்போதுதான். அதன்பின் பத்திரிகையில் கார்ட்டூன் வரைந்தார். கல் செதுக்கும் இடத்திலும் வேலை செய்தார்.

ஒருநாள், பொழுதுபோக்காகக் களிமண்ணில் குத்துச்சண்டை வீரர்களைச் செய்தார். கையை, காலைத் திருப்பித் திருப்பி வைத்து விளையாடியபோது ஒரு யோசனை தோன்றியது. இவர்களைச் சினிமாவில் சண்டை போட வைத்தால் என்ன?

அடுத்ததாக டைனோசர், குகை மனிதன் பொம்மைகளைச் செய்தார். 1915ல் அவர் எடுத்த குட்டிப் படம் ஓடியது சுமார் 5 நிமிடம். எடுக்க ஆனது இரண்டு மாதம்! அதை விலைக்கு வாங்கியது யார் தெரியுமா? மின்விளக்கு புகழ் எடிசனின் கம்பெனி.

களிமண்ணில் ஒரு சங்கடம் உண்டு. விளக்குச் சூட்டில் இளகிவிடும். தொட்ட இடமெல்லாம் பள்ளம் விழும். அதனால், மடங்கும் மூட்டுகள் கொண்ட உலோக எலும்புக்கூடு, மேலே ரப்பர் தோல் என்று மாறினார். மார்செல் டெல்காடோ என்ற இளைஞர் பொம்மைகளைச் செய்து கொடுக்க, 1925ல், 'தி லாஸ்ட் வேர்ல்ட்' படத்தில் டைனோசர்கள் கூட்டமாக ஓடின.

அடுத்து, 'கிரியேஷன்' என்ற படத்துக்காகப் பல மாதம் உழைத்தார். செலவு அதிகம் என்று கம்பெனி பாதியில் நிறுத்திவிட்டது. ஆனால், அந்த உழைப்பைப் பார்த்த மெரியன் கூப்பர் என்பவர், தன் கொரில்லா படத்துக்கு இவரையே வைத்துக் கொண்டார். அதுதான் 1933ல் வந்த 'கிங்காங்'.

திரையில் வானுயரக் கட்டடத்தின் மேல் நிற்கும் அந்த கொரில்லா பொம்மையின் உயரம், ஒன்றரை அடிதான்! உடம்பில் ஒட்டியது முயல் ரோமம். ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் விரல் பட்டு ரோமம் கலைந்தது. படத்தில் அது தானாகச் சிலிர்ப்பது போலத் தெரிந்தது. தவறு என்று பயந்தார்கள். பார்த்தவர்களோ, கிங்காங் கோபத்தில் சிலிர்க்கிறது என்று நினைத்துக் கொண்டனர்!

கம்ப்யூட்டரில் எதையும் ஓட வைக்கும் காலம் இது. இருந்தும் 'வாலஸ் அண்ட் குரோமிட்' போன்ற களிமண் படங்களை இன்றும் எடுக்கின்றனர். உற்றுப் பார்த்தால், பொம்மையின் கன்னத்தில் யாரோ ஒருவரின் விரல் ரேகை தெரியும். எனக்கு அந்தப் படங்களில் பிடித்ததே அதுதான்.

'கிங்காங்'கைப் பார்த்து வாய் பிளந்தவர்களில் 13 வயது சிறுவன் ஒருவனும் உண்டு, ரே ஹாரிஹவுசன். வீட்டிலேயே பொம்மை செய்து பழகி, வளர்ந்ததும் ஓ'பிரையனிடமே உதவியாளராகச் சேர்ந்தார். இருவரும் உழைத்த, 'மைட்டி ஜோ யங்' படம் 1949ல் வெளிவந்து, ஆஸ்கர் விருது பெற்றது.

விருது கிடைத்தும், ஓ'பிரையனுக்குப் பெரிய வாய்ப்புகள் வரவில்லை. பல கதைகள் காகிதத்திலேயே நின்றன. அதில் ஒன்று, குதிரை வீரர்கள் டைனோசரைக் கயிறு வீசிப் பிடிக்கும் கதை. சிறு வயதில் பார்த்த மாட்டுப் பண்ணையும், டைனோசரும் ஒன்று சேர்ந்த கதை! 1962ல் அவர் இறந்து போனார்.

ஏழு ஆண்டுகளுக்குப் பின், அந்தக் கதையைத் தேடி எடுத்துப் படமாக்கினார் சீடர் ஹாரிஹவுசன். 1969ல், 'தி வேலி ஆஃப் குவாங்கி' என்ற பெயரில் அது வெளியானது.