கடற்படை வீரர் டோரி மில்லர்

போர்க்கப்பலில் சும்மா இருக்கும் ஆள் என்று ஒருவரும் கிடையாது. ஆயிரம் பேருக்கு மேல் வாழும் பெரிய கப்பலானாலும், ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக இரண்டு வேலைகள் குறிக்கப்பட்டிருக்கும். ஒன்று அன்றாட வேலை. மற்றது அபாயச் சங்கு ஊதியதும் ஓடிப்போய் நிற்கவேண்டிய இடம். கணக்கு எழுதுகிறவர் பீரங்கிக்குக் குண்டு எடுத்துக் கொடுப்பார். பண்டாரி வெடிமருந்து அறைக்குப் போவார். வேறு சிலர் காயம்பட்டவர்களைச் சுமப்பார்கள். தீப்பிடித்தால் யார், நீர் புகுந்தால் யார், கப்பலைக் கைவிட நேர்ந்தால் எந்தப் படகில் யார் என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். கல்லாவுக்கு ஒருவர், கிட்டங்கிக்கு ஒருவர் என்று ஆள் நிறுத்தும் நம் வர்த்தகர்களுக்கு இந்த ஏற்பாடு எளிதில் விளங்கும். அத்தகைய பட்டியலில் மிகக் கீழே எழுதப்பட்டிருந்த ஒருவரின் வரலாறே இது.

டோரிஸ் மில்லர் என்பது அவருடைய இயற்பெயர். டோரி மில்லர் என்றே உலகம் அவரை அறியும். 1919-ம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி, அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்து வேக்கோ நகரில் கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பெற்றோர் பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுதவர்கள். பிள்ளைகள் நால்வரும் ஆண்கள். அவர்களில் இவர் மூன்றாமவர். ஆறடி மூன்றங்குல உயரமும் அதற்கேற்ற தேகபலமும் கொண்டவர். 1939 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்தார்.

அந்நாளில் அமெரிக்கக் கடற்படையில் சேரும் கறுப்பர்களுக்குத் திறந்திருந்தது சாப்பாட்டுப் பகுதி ஒன்றுதான். அதிகாரிகளுக்கு உணவு பரிமாறுவது, படுக்கை விரிப்பது, அழுக்குத் துணிகளைச் சேகரிப்பது ஆகியவையே அவர்களுடைய அன்றாட வேலை. 1940 முதல் மில்லர் பணியாற்றிய 'வெஸ்ட் வர்ஜீனியா' என்னும் போர்க்கப்பலிலும் இதே விதிதான். அந்தக் கப்பலின் குத்துச்சண்டை வீரர்களில் கனத்த எடைப் பிரிவின் முதல்வர் அவரே. ஆயினும் பட்டியலில் அவர் மேஜைப் பணியாளர்தான். போர்க்காலத்தில் நிற்க அவருக்குக் குறித்திருந்த இடம், விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்குரிய வெடிமருந்து அறை. அது கப்பலின் நடுப்பகுதியில் இருந்தது.

1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை காலை. ஹவாய்த் தீவுகளின் பேர்ல் துறைமுகத்தில் கப்பல் நங்கூரமிட்டிருந்தது. மில்லர் காலையுணவு பரிமாறி முடித்து, துணிகளைச் சேகரித்துக் கொண்டிருந்தார். எட்டு மணிக்குச் சற்று முன்பு ஜப்பானிய விமானங்கள் பாய்ந்தன. அதையொட்டிய சில மணி நேரத்துக்குள் கோத்தபாருவும் சிங்கப்பூரும் அதே படைகளின் தாக்குதலுக்கு உள்ளான கதையை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

சங்கு ஊதியதும் மில்லர் தம் இடத்துக்கு ஓடினார். அந்த அறையை டார்ப்பிடோ ஏற்கெனவே சிதைத்துவிட்டது. போக இடமில்லை என்று அவர் ஒதுங்கி நிற்கவில்லை. வேறு வேலை தேடி மேல்தளத்துக்கு வந்தார். அவருடைய உடல்வலிமையை அறிந்த அதிகாரி ஒருவர், படுகாயமுற்ற கப்பல் தலைவர் மெர்வின் பெனியனைத் தூக்கிச் செல்ல அவரை அழைத்தார். மில்லரும் மற்றொருவரும் தலைவரைச் சற்றுப் பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்தினார்கள். அவரோ தம் நிலையை விட்டு இறங்க மறுத்து, அங்கேயே உயிர் துறந்தார்.

அருகில் இரண்டு யந்திரத் துப்பாக்கிகள் ஆளின்றிக் கிடந்தன. தோட்டா எடுத்துக் கொடுப்பதற்காகவே மில்லரை அங்கே நிறுத்தினார்கள். அந்தத் துப்பாக்கியில் அவருக்குப் பயிற்சி கிடையாது. அதிகாரிகள் சுருக்கமாகச் சொன்னதைக் கேட்டு அவரே பிடித்துச் சுடலானார்; தோட்டா தீரும்வரை சுட்டார். பிறகு எண்ணெய் படர்ந்த நீரில் தத்தளித்தவர்களை இழுத்து மேலேற்றினார். இதற்கிடையே ஒரு பக்கம் சாய்ந்த கப்பலை, மறுபக்கத்து அறைகளில் வேண்டுமென்றே கடல்நீரைப் புகுத்தி வேறு சிலர் நிமிர்த்தினார்கள். அதனால் அது பக்கத்திலிருந்த 'ஒக்லஹோமா'வைப்போல் கவிழாமல், நேராகத் தரைதட்டியது. 1942-ல் அதை மிதக்கவிட்டுப் பழுதுபார்த்தார்கள். மீண்டும் போருக்கும் போயிற்று.

ஆரம்பத்தில் வெளியான பாராட்டுச் செய்தியில் மில்லரின் பெயரே இல்லை. பெயரறியாத கறுப்பர் ஒருவர் என்று மட்டுமே இருந்தது. கறுப்பினப் பத்திரிகைகளும் சங்கங்களும் விடாமல் கேட்ட பின், 1942 மார்ச்சில் பெயர் வெளிவந்தது. மே 27-ந் தேதி, 'எண்டர்பிரைஸ்' கப்பலின் தளத்தில், அட்மிரல் நிமிட்ஸ் அவர் மார்பில் கடற்படைச் சிலுவைப் பதக்கத்தைக் குத்தினார். அப்பதக்கம் பெற்ற முதல் கறுப்பர் மில்லரே. மறுமாதமே, சாப்பாட்டுப் பகுதிக்கு அப்பாலும் பிற பணிகளில் கறுப்பர்களைக் கடற்படை சேர்க்கத் தொடங்கியது.

பதக்கம் கிடைத்தது; வேலை மாறவில்லை. நாடெங்கும் அவர் படம் சுவரொட்டியாகத் தொங்கிற்று. போர்க்கடன் பத்திரம் விற்கக் கூட்டங்களுக்கு அழைத்துச் சென்றார்கள். ஆனால் கப்பலுக்குத் திரும்பியபோது அவர் சமையற்காரர்தான். 1943 நவம்பர் 24 அதிகாலை, கில்பர்ட் தீவுகளுக்கருகே 'லிஸ்கம் பே' என்னும் விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலின் டார்ப்பிடோ தாக்கியது. விமானக் குண்டுகள் வைத்திருந்த அறை வெடித்து, அரை மணி நேரத்துக்குள் கப்பல் மூழ்கிற்று. அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தப்பியவர் 272 பேரே. மாண்டவர்களில் மில்லரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 24.

1948-ல் ஜனாதிபதி ட்ரூமன், படைகளில் நிறவேற்றுமை கூடாதென்று ஆணையிட்டார். 1973-ல் ஒரு போர்க்கப்பல் மில்லரின் பெயரோடு பணியில் சேர்ந்தது. 2020-ல், புதிதாகக் கட்டப்படும் பெரிய விமானந்தாங்கிக் கப்பலுக்கும் அவர் பெயரே சூட்டப்படும் என்று அறிவித்தார்கள். அத்தகைய கப்பலுக்கு அதிகாரியல்லாத சாதாரணப் படைவீரர் ஒருவரின் பெயர் வைக்கப்படுவது அதுவே முதல் தடவை.

ஆள் வைத்துத் தொழில் செய்யும் நாம் இவ்வரலாற்றைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். யார் எங்கே நிற்பது என்ற ஒழுங்கு கப்பலுக்கும் வேண்டும், கடைக்கும் வேண்டும். அந்த ஒழுங்கு ஒருவருடைய வேலையைச் சொல்லும், திறமையைச் சொல்லாது. நெருக்கடியில் ஒரு பையன் காட்டிய திறமையைக் கண்ட பிறகும், அவனைப் பழைய இடத்திலேயே நிறுத்தி வைப்பது நியாயமும் ஆகாது, வியாபாரமும் ஆகாது.