பி.எல்.நியூமன்: புகழை வெளியே விட்டுவிட்டுப் பந்தயத்துக்கு வந்த மனிதர்

ஆங்கிலத் திரைப்படங்களில் நாட்டம் கொண்டிருந்த எமது மூத்த தலைமுறையினருக்குப் போல் நியூமனை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ‘த ஹஸ்லர்’ (1961), ‘கூல் ஹேண்ட் லூக்’ (1967), ‘புட்ச் காசிடி அன்ட் த சண்டான்ஸ் கிட்’ (1969), ‘த ஸ்டிங்’ (1973) ஆகிய படங்களின் நாயகர் அவர். 2008 செப்டெம்பர் 26ஆம் திகதி தமது 83ஆவது வயதில் அவர் காலமானபோது வெளிவந்த அஞ்சலிக் கட்டுரைகளில் பெரும்பகுதி நடிகர் நியூமனுக்கே உரியதாக இருந்தது. நாம் இங்கு நினைவுகூர விரும்புவது வேறொரு நியூமனை. பி.எல்.நியூமன் என்ற பெயரில், கோப்பையைத் தவிர வேறெதுவும் கிடைக்காத கழகக் கார்ப் பந்தயங்களில் முதுமை வரையிலும் ஓடிய ஓர் அமெச்சூர் ஓட்டுநரை.

அமெச்சூர் என்றால் அரைகுறை என்று பொருள் கொள்ளும் வழக்கம் எம்மிடையே உண்டு. நாடகமாயினும் சரி, கிரிக்கெட்டாயினும் சரி, பணம் வாங்காமல் செய்பவரை முழுமையான திறமைசாலியாக ஏற்க நாம் தயங்குகிறோம். நியூமனின் பந்தய வாழ்க்கையைப் படிக்கும் எவருக்கும் இந்தத் தயக்கம் சற்றேனும் ஆட்டங்காணும்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், விளையாட்டுப் பொருட் கடை நடத்திய ஒருவரின் மகனாக 1925 ஜனவரி 26ஆம் திகதி பிறந்தார். இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது கடற்படையில் விமானியாகச் சேர முனைந்தவர், நிறங்களைப் பிரித்தறிவதில் இருந்த குறைபாடு காரணமாக அப்பயிற்சியைத் தொடர முடியாமல், குண்டுவீச்சு விமானங்களில் வானொலி இயக்குநராகவும் சுடுநராகவும் பசுபிக் களத்தில் பணியாற்றினார். நிறக்கொடிகளே கட்டளையிடும் ஓர் உலகில் பிற்காலத்தில் அவர் வெற்றிபெற்றார் என்பதைப் போகிற போக்கில் குறித்து வைக்கலாம். யுத்தத்தின் பின் கல்லூரி, நாடகக் கல்வி, நியூயோர்க் மேடை, ஹொலிவூட் என்று அவரது வாழ்க்கை நகர்ந்தது. 1958இல் நடிகை ஜோன் வூட்வார்ட்டை மணந்தார். இஸ்ரேலின் உருவாக்கத்தைப் போற்றிய ‘எக்ஸோடஸ்’ (1960) படத்திலும் அவரே நாயகன். பலஸ்தீன மக்களின் இழப்பை அப்படம் மறைத்துவிட்டது என்ற விமர்சனம் நியாயமானதே. மறுபுறத்தில், 1963இல் வாஷிங்டனில் நடைபெற்ற சிவில் உரிமைப் பேரணியில் கலந்துகொண்டவரும், வியட்நாம் யுத்தத்தை எதிர்த்தமையால் ஜனாதிபதி நிக்ஸன் தரப்பினரின் எதிரிகள் பட்டியலில் இடம்பெற்றவரும் இதே மனிதர்தாம்.

கார்ப் பந்தயம் அவரது வாழ்வில் நுழைந்தது திரைப்படத்தின் வழியாகவே. இண்டியானாபோலிஸ் பந்தயத்தைப் பின்னணியாகக் கொண்ட ‘வின்னிங்’ (1969) படத்துக்காக, பந்தய ஓட்டுநர் பொப் பொண்டுரான்ட் நடத்திய பயிற்சிப் பாடசாலையில் 1968இல் அவர் சேர்க்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 43. படம் முடிந்தது, நாட்டம் முடியவில்லை. ஆனாலும் ஒரு நட்சத்திரம் இவ்விடத்தில் வழக்கமாகச் செய்வதை, அதாவது விலையுயர்ந்த காரொன்றை வாங்கி விளம்பரத்தோடு பெரும் பந்தயமொன்றில் இறங்குவதை, அவர் செய்யவில்லை. கழகப் பந்தயத்தின் அடிப்படியிலிருந்து தொடங்கினார்.

இக்கழகம் எத்தகையது என்பதைச் சற்று விளக்க வேண்டும். அமெரிக்க விளையாட்டுக் கார்க் கழகம் 1944இல் பொஸ்டன் நகரில் ஏழு ஆர்வலர்களால் தொடங்கப்பட்டது. யுத்தம் முடிந்தபின், 1948இல், நியூயோர்க் மாநிலத்தின் வட்கின்ஸ் கிளென் என்ற சிற்றூரின் பொது வீதிகளிலேயே பந்தயம் நடந்தது. 1950இல் ஓட்டுநர் ஒருவரும், 1952இல் பார்வையாளராக நின்ற சிறுவன் ஒருவனும் அங்கு உயிரிழந்தனர். வீதிகளில் பந்தயம் ஓடுவது இனி இயலாது என்பது தெளிவாயிற்று. பாதுகாப்பான, மூடிய ஓடுபாதைகள் தேவைப்பட்டன. கனெக்டிகட் மாநிலத்தின் வடகிழக்கு மூலையிலுள்ள தொம்சன் கிராமத்தின் ஸ்பீட்வே முன்னுக்கு வந்தது இக்காலத்தில்தான்.

தொம்சனின் கதையே தனிச் சுவையுடையது. 1938 செப்டெம்பரில் வீசிய பெரும் புயலினால் அழிவுற்ற பண்ணை நிலமொன்றில், 1940இல், தார் இடப்பட்ட நீள்வட்ட ஓடுபாதை ஒன்று திறக்கப்பட்டது. ஒரு சுற்று ஐந்தெட்டு மைல், அதாவது ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். நீள்வட்டத்தில் ஓடுபவர் இடப்பக்கம் மட்டுமே திரும்புவார். அங்கு வேகத்தைக் காப்பதே பெருங்கலை. விளையாட்டுக் கார்களுக்கு அது போதாது; இடமும் வலமுமாக வளைந்து, ஏறி இறங்கி, தடை அழுத்தவும் கியர் மாற்றவும் வேண்டிய ‘ரோட் கோர்ஸ்’ எனப்படும் வீதிவகைப் பாதையே அவற்றுக்கு உரியது. எனவே 1952இல் நீள்வட்டத்தோடு இணைத்து அத்தகைய பாதையொன்று தொம்சனில் அமைக்கப்பட்டது. அமெரிக்காவில் இந்நோக்கத்துக்கென்றே உருவான தொடக்ககாலப் பாதைகளுள் அது ஒன்றாகக் கருதப்படுகின்றது. பிற்காலத்தில் அது கைவிடப்பட்டு, 2014இல் 1.7 மைல் நீளத்தில் மீண்டும் திறக்கப்பட்டது.

1972இல் தமது 47ஆவது வயதில் நியூமன் முதன்முதலாகப் பந்தயத்தில் இறங்கியது இந்தத் தொம்சனில்தான். கார், லோட்டஸ் இலான் என்ற சிறிய பிரித்தானிய வண்டி. பதிவேட்டில் அவர் எழுதிய பெயர் பி.எல்.நியூமன். அவ்வாண்டில் உலகின் மிகப் பிரபலமான முகங்களுள் ஒன்றுக்கு உரியவர், தலைக்கவசத்தினுள் அம்முகத்தையும், இரண்டு எழுத்துகளினுள் அப்பெயரையும் மறைத்துக்கொண்டு ஓடினார். அதன்பின்னரும் ஓட்டுநர்கள் மத்தியில் அப்பெயரே நிலைத்தது.

கழகப் பந்தயத்தின் ஒழுங்கு பற்றி அறிந்தால்தான் இதன் பெறுமதி விளங்கும். இதில் சேர விரும்புபவர் முதலில் ஓட்டுநர் பாடசாலையில் தேற வேண்டும். புதியவருக்கான அனுமதியோடு பிராந்தியப் போட்டிகளில் ஓட வேண்டும். அதன்பிறகே முழு அனுமதிப்பத்திரம். கார்கள் அவற்றின் ஆற்றலுக்கேற்ப வகுப்புகளாகப் பிரிக்கப்படும். அக்காலத்தில் ஒவ்வொரு பிராந்தியத்திலும் புள்ளி நிரலில் முன்னணி வகித்தோர் மட்டும் ஆண்டிறுதியில் தேசிய இறுதிப்போட்டிக்குத் தகுதி பெற்றனர். ஓடுபவர்கள் பொறியியலாளர்கள், கடைக்காரர்கள், பல்வைத்தியர்கள், கராஜ் உரிமையாளர்கள். வளைவுகளில் கொடி பிடிப்போர், நேரம் கணிப்போர், தீயணைப்பாளர் யாவரும் ஊதியம் பெறாத தொண்டர்கள். தொடக்க ஆண்டுகளில் பரிசுப் பணம் பெறுவதையே கழகம் தடைசெய்திருந்தது. 1960களின் தொடக்கத்தில் அத்தடை தளர்த்தப்பட்டு, தொழில்முறைப் போட்டிகளும் தனியே நடத்தப்பட்டன. ஆயினும் தேசிய இறுதிப்போட்டி அமெச்சூர்களின் களமாகவே தொடர்ந்தது.

இத்தகைய இடத்தில் நிறுத்தற்கடிகாரம் யாருக்கும் மரியாதை செலுத்துவதில்லை. திரைப்படத்தில் ஒரு காட்சி பிழைத்தால் மறுபடி எடுக்கலாம். நல்ல இயக்குநரும் நல்ல படத்தொகுப்பாளரும் நடிகனைக் காப்பாற்றிவிடுவர். வளைவொன்றில் ஒரு விநாடி பிந்தித் தடையை அழுத்தியவரைக் காப்பாற்ற எவருமில்லை. தமது நடிப்பைப் பற்றி எப்போதும் ஐயத்தோடிருந்த நியூமனை இந்த நிச்சயமே ஈர்த்திருக்க வேண்டும் என நாம் கருதுகிறோம். அவர் பிறவித் திறமைசாலி அல்லர். கூட ஓடியவர்கள் அவரிடம் கண்டது மெதுவாகவும் விடாப்பிடியாகவும் கற்கும் இயல்பையே. கையெழுத்துக் கேட்டு வருவோரை அறவே விரும்பாத அவர், பந்தயத் திடலில் இயந்திரப் பணியாளர்களோடு மணிக்கணக்கில் அமர்ந்திருந்தார். கோடைகாலப் பந்தயப் பருவத்துக்கு ஏற்பவே படப்பிடிப்புகளை ஒழுங்குசெய்தார்.

1973ஆம் ஆண்டின் இறுதியில் எரிபொருள் நெருக்கடி வந்தது. புளோரிடாவின் டேடோனாவில் 1974இல் நடைபெறவிருந்த 24 மணிநேரப் பந்தயம் கைவிடப்பட்டது. அக்காலத்தில் கார்ப் பந்தயம் வீண் செலவு என்ற குரல் எழுந்ததில் வியப்பில்லை. கழகங்கள் தாக்குப்பிடித்தன, நியூமனும் தொடர்ந்தார். லோட்டஸிலிருந்து டட்சனுக்கு மாறி, கனெக்டிகட்டைச் சேர்ந்த பொப் ஷார்ப்பின் அணியோடு அவர் கொண்ட உறவு நீண்டகாலம் நிலைத்தது. 1976இல் ட்ரயம்ப் டி.ஆர்.6 காரில், ஜோர்ஜியா மாநிலத்தின் ரோட் அட்லாண்டா பாதையில், தமது வகுப்பின் தேசிய அமெச்சூர் சம்பியனானார். வயது 51.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். இந்த வெற்றியில் பணத்துக்குப் பங்கில்லை என்று கூறுவது பொய்யாகும். அருகில் ஓடிய கராஜ் உரிமையாளர் டயர் வாங்கச் சம்பளத்தை எண்ணிக்கொண்டிருக்கையில், நியூமனுக்கு நாட்டின் மிகச் சிறந்த அமெச்சூர் அணிகளின் கார்களும், கார் நிறுவனங்களின் ஆதரவும் கிடைத்தன. நட்சத்திரம் என்பதால் திறந்த கதவுகள் அவை. பெயரைச் சுருக்கி எழுதியதால் மட்டும் அந்த வசதி மறைந்துவிடாது. அதேவேளை, அதே வசதியைப் பெற்ற வேறு செல்வந்தர்கள் பலர் ஓரிரு பருவங்களில் சலித்து விலகியதும் உண்மை.

1978 நவம்பரில் அவரது மூத்த மகனும் ஒரே ஆண்பிள்ளையுமான ஸ்கொட், 28ஆவது வயதில் அளவுக்கதிகமான போதைப்பொருளினால் மரணமடைந்தார். ஒரு தந்தைக்கு இதைவிடப் பெரிய இடி வேறில்லை. மகனின் பெயரால் போதைப்பொருள் தடுப்பு நிலையமொன்றை அவர் பின்னர் நிறுவினார். மறுவருடம் 1979, அவரது பந்தய வாழ்வின் மிகச் சிறந்த ஆண்டாக அமைந்தது. பிரான்சின் லு மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தில், டிக் பார்பர், ரொல்ஃப் ஸ்டொமெலன் ஆகியோருடன் போர்ஷ் 935 காரில் ஓடி, ஒட்டுமொத்தமாக இரண்டாமிடத்தைப் பெற்றார். சில்லொன்றின் நட் இறுகிக்கொண்டமையால் தரிப்பிடத்தில் இழந்த நேரம் பெரிது. அவ்வெற்றி உலகச் செய்தியாயிற்று. புகைப்படக்காரர்களின் முற்றுகை தாங்காமல் அவர் மீண்டும் லு மான்ஸுக்கு ஓடச் செல்லவில்லை. அதே ஆண்டில், எவரும் முற்றுகையிடாத ரோட் அட்லாண்டாவில், டட்சன் 280 இசட்.எக்ஸ். காரில் இரண்டாவது தேசிய அமெச்சூர் பட்டத்தை வென்றார். இவ்விரண்டில் எது அவருக்கு இனித்தது என்பதை, அதற்குப் பின் அவர் எங்கு மீண்டும் மீண்டும் சென்றார் என்பதைக் கொண்டே நாம் ஊகிக்கலாம்.

1985இலும் 1986இலும் நிசான் 300 இசட்.எக்ஸ். காரில், கழகத்தின் மிக வேகமான வகுப்புகளுள் ஒன்றான ஜி.டி.1இல் மேலும் இரண்டு பட்டங்கள் கிடைத்தன. கடைசிப் பட்டத்தின்போது வயது 61. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், ‘த கலர் ஒஃப் மணி’ படத்துக்காகச் சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் விருது அறிவிக்கப்பட்டபோது அவர் விழாவுக்கே செல்லவில்லை; அவர் சார்பில் இயக்குநர் ரொபர்ட் வைஸ் அதனைப் பெற்றுக்கொண்டார். தொழில்முறைப் பந்தய உலகில், 1983இல் கார்ல் ஹாஸுடன் இணைந்து அவர் தொடங்கிய நியூமன்-ஹாஸ் அணி 1984க்கும் 2007க்குமிடையில் எட்டு ஓட்டுநர் சம்பியன் பட்டங்களை ஈட்டியது. அங்கு அவர் உரிமையாளர், ஓட்டுநர் அல்லர்.

1982இல் நண்பர் ஏ.ஈ.ஹொட்ச்னருடன் சேர்ந்து, வீட்டில் தயாரித்த சலாது எண்ணெய்க் கலவையைப் போத்தலில் அடைத்து விற்கும் ‘நியூமன்ஸ் ஓன்’ நிறுவனத்தைத் தொடங்கினார். இலாபம் முழுவதும் அறப்பணிக்கே என்ற விதியிலிருந்து அது வழுவவில்லை. இதுவரை வழங்கப்பட்ட தொகை 50 கோடி டொலரைத் தாண்டிவிட்டது. அப்பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு, கடும் நோயுற்ற சிறுவர்கள் கட்டணமின்றித் தங்கி விளையாடும் முகாமொன்று 1988இல் கனெக்டிகட்டின் அஷ்ஃபோர்ட்டில் திறக்கப்பட்டது. தொம்சன் ஓடுபாதை அமைந்துள்ள அதே வின்ட்ஹம் மாவட்டத்தில்தான் அஷ்ஃபோர்ட்டும் இருக்கின்றது.

முதுமையிலும் அவர் ஓய்ந்தாரில்லை. டேடோனா ஸ்பீட்வேயும் தொம்சனைப் போன்றே நீள்வட்டத்தோடு உட்புற வளைவுகளை இணைத்து வீதிவகைப் பாதையாக்கப்பட்டது. ஆனால் அளவில் பூதம். 2.5 மைல் நீள்வட்டத்தின் திருப்பங்கள் 31 பாகை சாய்வுடையவை. இரவு முழுவதும் அச்சாய்வில் ஏறி இறங்குவது இளைஞரையே களைப்படையச் செய்யும். 1977இல் அங்கு 24 மணிநேரப் பந்தயத்தில் ஃபெராரி காரில் ஐந்தாமிடம் பெற்றிருந்த நியூமன், 1995இல், எழுபதாவது பிறந்தநாளுக்குச் சில நாட்களின் பின், ஜக் ரவுஷின் அணியினது ஃபோர்ட் மஸ்டாங் காரில் மீண்டும் இறங்கினார். டொமி கென்டல், மார்க் மார்ட்டின், மைக் பிரொக்மன் ஆகியோர் உடன் ஓடினர். அவர்களது கார் தமது வகுப்பில் முதலிடத்தையும் ஒட்டுமொத்தமாக மூன்றாமிடத்தையும் பெற்றது. இத்தரத்திலான பந்தயமொன்றில் வகுப்பு வெற்றி பெற்ற மிக மூத்த ஓட்டுநர் என்ற பதிவு அவருக்குரியதாயிற்று. பத்து ஆண்டுகளின் பின், 80 வயதில், அதே பந்தயத்தில் மறுபடியும் ஓடினார்.

எண்பதைக் கடந்த பின்னரும் வட்கின்ஸ் கிளென்னிலும், தமது வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத லைம் ரொக் பாதையிலும் கழகப் போட்டிகளில் அவரது பெயர் காணப்பட்டது. புற்றுநோய் உடலை மெலிவித்திருந்த 2008 ஆகஸ்டில், லைம் ரொக்கில் அவருக்கெனப் பாதை திறந்துவிடப்பட்டது. போட்டியாளர் எவருமில்லாமல் தனியே சில சுற்றுகள் ஓட்டிவிட்டு இறங்கினார். அடுத்த மாதம் வெஸ்ட்போர்ட்டிலுள்ள இல்லத்தில் அவரது உயிர் பிரிந்தது. 2009 பெப்ரவரியில், கழகம் தனது புகழ்மண்டபத்தில் அவரது பெயரைச் சேர்த்துக்கொண்டது.