தன்னந்தனியாக உலகைச் சுற்றிய மாலுமி!

வயலில் கிடந்த ஓர் ஓட்டைப் படகு. வேலை இல்லாமல் நின்ற ஒரு கப்பல் தலைவர். இந்த இரண்டும் சேர்ந்து உலகத்தையே வலம் வந்தன!

அவர் பெயர் ஜோசுவா ஸ்லோக்கம். இன்றைய கனடாவில், நோவா ஸ்கோஷியா என்ற பகுதியில் 1844-ம் ஆண்டு பிறந்தார்.

தந்தை பூட்ஸ் தைப்பவர். மகனுக்கு அந்தத் தொழில் பிடிக்கவில்லை. சிறு வயதிலேயே கடலுக்கு ஓடினார். படிப்படியாக உயர்ந்து, பெரிய பாய்மரக் கப்பல்களுக்குத் தலைவர் ஆனார்.

பிறகு துன்பம் துரத்தியது. 1884-ல் மனைவி இறந்தார். 1887-ல் பிரேசில் நாட்டுக் கரையில் அவரது கப்பல் தரைதட்டி உடைந்தது. நீராவிக் கப்பல்கள் பெருகிவிட்டதால், வேறு வேலையும் கிடைக்கவில்லை.

அந்த நேரத்தில் நண்பர் ஒருவர் கப்பல் தருவதாக அழைத்தார். அமெரிக்காவில் உள்ள பேர்ஹேவன் என்ற ஊருக்கு ஆசையோடு போனார் ஸ்லோக்கம். அங்கே வயலில், கித்தான் துணி மூடிக் கிடந்தது ஒரு பழைய படகு! அதன் பெயர் "ஸ்ப்ரே".

உடைத்து விறகாக்கப் போகிறார் என்றுதான் ஊரார் நினைத்தார்கள். அவரோ ஓக் மரம் வெட்டி, 13 மாதம் உழைத்து, அதைப் புதிதாகவே கட்டிவிட்டார். செலவு 553 டாலர் 62 சென்ட்.

தானே ஓடும் படகு

படகின் நீளம் 36 அடி 9 அங்குலம். அகலம் 14 அடி 2 அங்குலம். பின்னால் படுக்கை அறை. முன்னால் 6 அடிச் சதுரத்தில் சமையல் அறை.

கரைக்குப் போய்வரச் சிறு தோணி வேண்டும். முழுத் தோணி வைக்க இடம் இல்லை. ஆகவே ஒரு தோணியைப் பாதியாக அறுத்து, அறுத்த பக்கத்தைப் பலகையால் அடைத்தார். துணி துவைக்கவும் குளிக்கவும்கூட அதுதான் தொட்டி!

எல்லாவற்றிலும் பெரிய சிறப்பு வேறு. படகின் அடிக்கட்டை நீளமானது. அது படகை எளிதில் திரும்பவிடாது. காற்றுக்கு ஏற்பப் பாய்களை அமைத்து, சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டால் போதும். படகு தானே நேராகப் போகும். அவர் சமைப்பார், படிப்பார், நிம்மதியாகத் தூங்குவார்.

3 ஆண்டுப் பயணம்

1895-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி பாஸ்டன் துறைமுகத்திலிருந்து தனியாகப் புறப்பட்டார். நேரம் பார்க்க, 1 டாலருக்கு வாங்கிய தகரக் கடிகாரம். அவருக்கு நீந்தவும் தெரியாது!

தென் அமெரிக்காவின் தென்கோடியில் கொள்ளையர் பயம் இருந்தது. இரவில் மேல்தளம் முழுவதும் சிறு ஆணிகளைப் பரப்பிவிட்டுப் படுத்தார். வெறுங்காலோடு ஏறியவர்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள்.

இந்தியப் பெருங்கடலில் 2,700 மைல் தூரத்தை 23 நாட்களில் கடந்தார். அத்தனை நாட்களிலும் அவர் சுக்கானைப் பிடித்தது மொத்தம் 3 மணி நேரம்தான்!

46,000 மைல் சுற்றிவிட்டு, 1898 ஜூன் 27-ந் தேதி அமெரிக்காவின் நியூபோர்ட் துறைமுகத்தை அடைந்தார். தன்னந்தனியாகப் படகில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவரே. 1900-ல் அந்தக் கதையை நூலாக வெளியிட்டார்.

60 வயதைக் கடந்த பிறகும் கடல் அவரை விடவில்லை. அதே படகில் மீண்டும் தனியாகப் புறப்பட்டார். திரும்பி வரவே இல்லை. படகும் கிடைக்கவில்லை. 1924-ல் நீதிமன்றம் அவர் இறந்துவிட்டதாக அறிவித்தது.

ஆனால் ஸ்ப்ரே அழியவில்லை. அதே வடிவத்தில் பல நாடுகளில் பலர் படகு கட்டிக் கடலில் ஓட்டியிருக்கிறார்கள். விறகாக வேண்டிய படகுக்கு வந்த வாழ்வு அது!