ஊர்ப்பெயர்களால் ஒரு ஃபியூக்

வியன்னா நகரில் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள், தோல் வணிகம் செய்த யூதக் குடும்பத்தில் தோன்றியவர் எர்ன்ஸ்ட் டோக். மகன் இசைத்துறையில் இறங்குவதை வீட்டார் விரும்பினாரல்லர். அவரோ ஆசானின்றியே கற்றார். மொசார்ட்டின் நால்வர் நரம்பிசைப் படைப்புகளை வாங்கி இரவு நேரங்களில் படியெடுத்தார். ஒருமுறை பாதியில் நிறுத்தி, எஞ்சியதைத் தாமே எழுதிப் பார்த்தார். பின்பு மூலத்தோடு ஒப்பிட்டு மனமுடைந்தார். ஆயினும் விட்டாரில்லை. 1909இல் மொசார்ட் பரிசு பெற்றதும் மருத்துவக் கல்வியைத் துறந்து ஃபிராங்க்ஃபர்ட் சென்றார். 1920களில் ஜெர்மனியின் முன்னணி இசைப் படைப்பாளருள் ஒருவராக மதிக்கப்பெற்றார்.

இத்தகைய கடும் பயிற்சியுடையவர் 1930இல் ஒரு வேடிக்கை செய்தார். பெர்லினில் நடந்த புத்திசை விழாவுக்கெனப் பேச்சிசை என்னும் மூன்று பகுதிப் படைப்பொன்றை இயற்றினார். குழுவினர் பேசுவதை இசைத்தட்டில் பதிந்து, அதனை வேகம் கூட்டி ஓடவிட்டு, மனிதக் குரலை மனிதக் குரலல்லாததாக்கிக் காட்டுவதே நோக்கம். அதன் இறுதிப் பகுதிதான் புவியியல் ஃபியூக்.

ஃபியூக் என்பது விளையாட்டுக்கு இடங்கொடாத வடிவம். ஒரு குரல் கருப்பொருளைத் தொடங்கும். அடுத்த குரல் அதனையே வேறு சுருதியில் ஏற்றுத் தொடரும். முந்தையது அதற்கு எதிர்ப்பொருள் பின்னும். பேச்சிலோ சுருதி இல்லை. நான்கு குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்போது கருப்பொருள் மீண்டும் வந்ததைச் செவி எவ்வாறு அறியும்? அசையின் நெடுமை குறுமையாலும் மெய்யொலியின் வன்மை மென்மையாலும் மட்டுமே அறிய இயலும். ஆதலின் டோக் ஊர்ப்பெயர்களைத் தேர்ந்தார். மிசிசிப்பி சீறுகிறது, ஹொனலூலு உருள்கிறது, டிட்டிகாக்கா தாளம் தட்டுகிறது. போபோகாட்டெபெட்டல் மலை எந்நாட்டில் உள்ளது, எந்நாட்டில் இல்லை என்று பள்ளியாசிரியர் குரலில் ஒரு திருத்தம் வேறு. பொருளை உதிர்த்துவிட்டு ஓசையை மட்டும் எடையிட்டுச் சொல் தெரியும் இவ்வேலையின் இன்பமும் இடரும் யாப்பறிந்தோர்க்குப் புதியனவல்ல. முகஞ்சுளிக்காமல், இலக்கணம் ஒரு சிறிதும் வழுவாமல் செய்ததனாலேயே அது சிரிப்பூட்டுகிறது. வடிவம் சற்றே நெகிழ்ந்திருந்தால் வெறும் கூச்சலாய் முடிந்திருக்கும்.

1933இல் இட்லர் ஆட்சிக்கு வந்ததும் டோக் ஜெர்மனியை விட்டு நீங்கினார். பாரிஸ், லண்டன் வழியாக அமெரிக்கா சேர்ந்து, கலிபோர்னியாவில் திரைப்படங்களுக்கு இசையமைத்துப் பிழைத்தார். இதற்கிடையில், ஹென்றி கோவெல், ஜான் கேஜ் என்னும் இளைய இசைஞர் இருவரின் ஆர்வத்தால் ஃபியூக் ஆங்கில வடிவம் பெற்றது. ஜெர்மன் மூலம் ராட்டிபோர் என்னும் ஊரின் பெயரோடு தொடங்கும். ஆங்கிலத்தில் அவ்விடத்தை டிரினிடாட் பிடித்துக்கொண்டது. இசைத்தட்டும் வேகமும் கைவிடப்பட்டன. பாடற்குழுக்கள் மேடையில் நின்று நேரே பேசலாயின.

இதில் டோக்குக்கு மகிழ்ச்சி முழுமையாக இல்லை. 1948இல் நேர்ந்த மாரடைப்புக்குப் பின் ஏழு சிம்பொனிகள் இயற்றினார். மூன்றாவது 1956இல் புலிட்சர் பரிசு பெற்றது. எனினும் தம் நூற்றாண்டில் மிகுதியும் மறக்கப்பட்டவர் தாமே என்று அவர் வருந்தினார். விளையாட்டாகச் செய்ததே எங்கும் ஒலித்தது; உயிரைக் கொடுத்து எழுதியவை அலமாரியில் உறங்கின. இவ்வருத்தம் நியாயமானதே. ஆயினும், சிம்பொனிகளை எழுதிய அதே கைதான் ஃபியூக்கையும் எழுதியது என்பதை அவர் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

வாழ்வின் இறுதி ஆண்டுகளில் அவரே மீண்டும் பேசும் குழுவுக்கென ஒரு வால்ட்ஸ் இயற்றினார். இம்முறை ஊர்ப்பெயர்கள் இல்லை, விருந்துக்கூடத்து அரட்டை. 1964 அக்டோபர் 1ஆம் நாள் கலிபோர்னியாவில் காலமானார்.