குழந்தைக்காக இன்ஜினியர் ஆனவர்

கம்ப்யூட்டர்னா பொண்ணுங்க எடுக்கலாம், மெஷின் பக்கமெல்லாம் வேணாம்னு எங்க தெருவுல இன்னமும் சொல்றாங்க. அதனாலதான் இந்தத் தடவை அ. லலிதாவைப் பற்றி எழுதுகிறேன். இந்தியாவின் முதல் பெண் இன்ஜினியர்களில் ஒருவர். நம்ம சென்னைக்காரர்!

1919-ல் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா பப்பு சுப்பாராவ், கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் பேராசிரியர். ஆனாலும் லலிதாவுக்கு 15 வயசிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. 18 வயசில் கணவர் இறந்துட்டார். கையில் நாலு மாசப் பெண் குழந்தை.

அந்தக் காலத்தில் விதவைன்னா வீட்டு மூலைதான். லலிதா மறுபடி படிக்கக் கிளம்பினார். ராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்தார். அடுத்து டாக்டருக்குப் படிக்கலாம், அப்பவே பெண்கள் படிச்சுக்கிட்டுதான் இருந்தாங்க. ஆனா நடுராத்திரி கூப்பிட்டாலும் ஓடணுமே, குழந்தையை யார் பாத்துக்குவாங்க? இன்ஜினியர்னா பகல் வேலை, சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம். பாருங்க, குழந்தை குடும்பம்னு சொல்லிப் பல பெண்கள் ஒதுக்குற படிப்பை இவர் குழந்தைக்காகவே எடுத்திருக்கார்! எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

கிண்டியில் அதுவரை ஒரு பெண்கூடப் படித்ததில்லை. அப்பா, முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசி இடம் வாங்கினார். 1940-ல் சேர்ந்தபோது நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே இவர் ஒருத்தர்தான். ஹாஸ்டலில் பேச்சுத்துணைக்குக்கூட ஆள் இல்லை. பெண்களும் சேரலாம்னு விளம்பரம் கொடுக்க வைத்தார் அப்பா. லீலாம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்று இரண்டு பேர் சிவில் பிரிவுக்கு வந்தார்கள். (இந்தத் திரேசியா பிற்பாடு கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.) பட்டச் சான்றிதழில் 'ஹி' என்றுதான் அச்சடித்து வைத்திருந்தார்களாம். அதை அடித்துவிட்டுக் கையால் 'ஷி' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

பிறகு ஜமால்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பயிற்சி, சிம்லாவில் வேலை. கொஞ்ச காலம் அப்பாவின் ஆராய்ச்சிக்கும் உதவினார். 1948-ல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியில் சேர்ந்தார். சகோதரர் குடும்பம் அங்கே இருந்ததால் குழந்தையைப் பற்றிக் கவலை இல்லை. மின்சார லைன்களுக்கும் துணை மின்நிலையங்களுக்கும் டிசைன் போடுவதுதான் வேலை. பக்ரா நங்கல் அணையின் ஜெனரேட்டர்களிலும் இவர் உழைப்பு இருக்கிறது.

1964-ல் நியூயார்க்கில் பெண் இன்ஜினியர்கள், விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாடு நடந்தது. நம் நாட்டில் அப்போது பெண் இன்ஜினியர்களுக்கென்று சங்கம் கிடையாது. அதனால் தனி ஆளாகவே போய்க் கலந்துகொண்டார். 1979-ல் காலமானார்.